பூச்சு போன ரிவால்வர்

பழம்பொருள் வாங்குவோர்க்குக் கண் மட்டும் போதாது. பொறுமையும் வேண்டும், சிறிது அறிவியலும் வேண்டும். துணி கிழிந்தால் தைக்கலாம். நாற்காலி ஆடினால் ஆப்பு வைக்கலாம். துப்பாக்கி அப்படிப்பட்டதன்று. அதில் செய்யும் பிழைக்கு விலையாகப் போவது வாங்கியவனின் விரலோ கண்ணோ ஆகும்.

நாம் வாழும் காக்ஸ் டவுன், பெங்களூர்க் கண்டோன்மெண்டைச் சார்ந்து வளர்ந்த பகுதி. 1809-இல் அமைந்த அப்படைமுகாம், 1947 வரை ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்தது. அருகே அல்சூரில் மதராஸ் சாப்பர்களின் தலைமையிடம் இன்றும் உள்ளது. படையில் பணியாற்றிய பெரியவர்கள் விட்டுச் சென்ற டிரங்குப் பெட்டியில் பழைய ரிவால்வர் ஒன்று உறங்குமானால் வியப்பில்லை. அதன் நீலக் கருமை போய், அங்கங்கே துரு படிந்திருக்கும். “விலை குறைவு, வாங்கிக்கொள்கிறீர்களா?” என்று யாரேனும் கேட்டால் என்ன விடை சொல்வது?

முதலில் அந்தப் பூச்சு யாது என்று காண்போம். எஃகின் மேற்பரப்பை வேதிமுறையில் பக்குவப்படுத்தி, கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாற்றுவதே அது. தலைமயிரைக் காட்டிலும் மிக மெல்லிய படலம். எண்ணெயைத் தாங்கி நின்று துருவைத் தடுப்பது அதன் வேலை. துப்பாக்கியின் வலிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே, பூச்சு போனதனாலேயே துப்பாக்கி கெட்டுவிட்டது என்று தள்ளிவிடுதல் தவறு. பூச்சு ஏன் போயிற்று, போன பின் எஃகுக்கு என்ன நேர்ந்தது என்பவையே கேள்விகள்.

பூச்சுக் கேட்டை மூவகையாகப் பிரிக்கலாம். குழல் முனையிலும் உருளையின் விளிம்பிலும் வெண்மையாகத் தேய்ந்திருப்பது முதல் வகை. உறையில் இட்டும் எடுத்தும் வந்த தேய்வு அது, அஞ்ச வேண்டியதில்லை. மேலாகப் படிந்த செந்துரு இரண்டாம் வகை. எண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் அகலும். துரு எஃகைத் தின்று குழி பறித்திருப்பது மூன்றாம் வகை. நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அது குழி. தோலுறை ஈரத்தைப் பிடித்து வைப்பது. எனவே உறையிலிட்டே பல மழைக்காலங்கள் பெட்டியில் கிடந்த துப்பாக்கியில் இக்குழிகளைக் காணலாம்.

குழி எவ்விடத்தில் உள்ளது என்பதே தீர்ப்பு. கைப்பிடிக் கட்டைக்கு அடியில் இருந்தால் அழகுக் குறைவு மட்டுமே. தோட்டா அமரும் அறைகளிலோ, உருளையின் மெல்லிய சுவரிலோ, குழலின் உட்புறத்திலோ, குழல் தொடங்கும் வாயிலோ இருந்தால் அது ஆபத்து. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் சுடும் தோட்டா, சதுர அங்குலத்திற்குப் பதினையாயிரம் பவுண்டு வரை அழுத்தம் எழுப்ப வல்லது. மோட்டார் காரின் சக்கரத்தில் இருப்பது ஏறத்தாழ முப்பது பவுண்டு. ஐந்நூறு மடங்கு அழுத்தத்தை அரித்த சுவர் தாங்குமா என்று எண்ணிப் பாருங்கள்!

பழைய துப்பாக்கி புத்தம் புதிதாகப் பளபளத்தால் ஐயுறவு இருமடங்காக வேண்டும். குழிகளை மறைக்கத் தேய்த்து, மேலே புதுப்பூச்சு ஏற்றியிருக்கலாம். கூரிய விளிம்புகள் மழுங்கியிருத்தல், எழுத்துகள் மங்கியிருத்தல், திருகாணித் துளைகளின் ஓரம் பள்ளமாயிருத்தல் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். நேர்மையாகத் தேய்ந்த பழம்பூச்சு, ஏமாற்றும் புதுப்பூச்சைவிட மேல்.

பின்னர் இயக்கத்தைப் பார்க்க வேண்டும். கையில் எடுத்தவுடன் திறந்து, ஆறு அறைகளும் காலி என்று கண்ணால் உறுதி செய்க. “தோட்டா இல்லை” என்று உரியவர் சொல்வதை ஏற்க வேண்டாம். வெப்லி, கான்பூர் வகைகள் மேற்புறம் மடங்கித் திறப்பவை. மூடிய நிலையில் குழலைப் பற்றி அசைத்தால் கீலும் கொளுவியும் ஆடக் கூடாது. விசையை இழுத்துப் பிடித்த நிலையில் உருளை தளர்ந்து சுழலக் கூடாது. தளர்ந்தால் அறையும் குழலும் நேர்படாமல் ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். ஏற்றிய குதிரையைக் கட்டைவிரலால் தள்ளினால் விழக் கூடாது. இறுதிச் சொல், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளருடையதாக இருக்கட்டும்.

இனிச் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இன்றி ரிவால்வர் வைத்திருத்தல் குற்றம். இருபத்தொரு வயது நிரம்பாதவர்க்கு அது கூடாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. உரிமம் உடையவர் தம் துப்பாக்கியை மற்றோர் உரிமதாரருக்கு விற்க எண்ணினால், வாங்குபவர் பெயரையும் முகவரியையும் எழுதி முன்னறிவிப்புத் தந்து, நாற்பத்தைந்து நாள் காத்திருக்க வேண்டும். துப்பாக்கியில் பொறித்த எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணை அழிப்பதே குற்றம். ஆகையால் எண் தேய்ந்துபோன துப்பாக்கியை, இனாமாகத் தந்தாலும் தொடாதீர்!

விலையைப் பற்றி ஒரு சொல். 1980-களின் நடுவிலிருந்து தனியார்க்கான இறக்குமதி தடைப்பட்டதால், வெளிநாட்டுப் பழந்துப்பாக்கிக்கு அதன் தகுதிக்கு மேற்பட்ட விலை சொல்லப்படுவதுண்டு. பெயருக்கு விலை கொடுக்காதீர். பழுது பார்க்கும் செலவையும் புதிய கான்பூர் ரிவால்வரின் விலையையும் அருகருகே வைத்துக் கணக்கிடுங்கள்.

நம்மில் பலர் துப்பாக்கி வாங்கப் போவதில்லை, அது நன்றே. எனினும் பாட்டனார் மறைந்த வீட்டில் அவருடைய ரிவால்வர் கேட்பாரற்றுக் கிடந்தால், படித்த பிள்ளையைத்தான் வீட்டார் கேட்பர். அதை விற்பதற்கு முன், தூக்கி எறிவதற்கு முன், காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துச் சீட்டுப் பெறச் சொல்லுங்கள். குடும்பத்தை வழக்கிலிருந்தும், குழந்தைகளை விபத்திலிருந்தும் காப்பது அந்தச் சீட்டே.