உடைந்த வளையலில் ஒரு ராஜ்ஜியம்!

குழந்தைகளே! வீட்டில் கண்ணாடி வளையல் உடைந்துவிட்டால் என்ன செய்வோம்? யார் காலிலாவது குத்திவிடப் போகிறது என்று உடனே கூட்டி அள்ளிக் குப்பையில் போடுவோம். விரிசல் விட்ட பீங்கான் கோப்பைக்கும், கிழிந்துபோன சைக்கிள் சீட்டுக்கும் அதே கதிதான்.

ஆனால், உடைந்த வளையல்களில் பெண் சிலைகளுக்கு ஆடை தைக்கலாம் என்று கண்டுகொண்டார் ஒருவர். சைக்கிள் சீட்டைத் திருப்பிப் பார்த்து, அதில் ஒரு விலங்கின் தலையைக் கண்டார். அவர் ஓவியக் கல்லூரியில் படித்தவர் அல்லர். சாலைப் பணிகளை மேற்பார்வையிடும் சாதாரண அரசு ஊழியர். பெயர், நேக் சந்த்.

1924ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு சிற்றூரில் பிறந்தவர் நேக் சந்த். சிறு வயதில் அம்மா சொன்ன ராஜா ராணிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தார். 1947இல் நாடு பிரிந்தபோது, சொந்த ஊரை விட்டு அவருடைய குடும்பம் இந்தியாவுக்கு வந்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்து, சண்டிகரில் பொதுப்பணித் துறையில் அவருக்கு வேலை கிடைத்தது.

அப்போது சண்டிகர் புத்தம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. பஞ்சாபின் பழைய தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால், புதுத் தலைநகர் தேவைப்பட்டது. லெ கார்புசியே என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அதற்குத் திட்டம் வகுத்தார். கோடு போட்டதுபோல் நேரான சாலைகள், கட்டம் கட்டமான பகுதிகள்! ஆனால், அந்த நகரத்துக்கு இடம் வேண்டும் அல்லவா? அதற்காகப் பல கிராமங்கள் அகற்றப்பட்டன. இடிந்த வீடுகளின் ஓடுகளும் பானைகளும் செங்கற்களும் குவியல் குவியலாகக் கிடந்தன.

எல்லோரும் அவற்றைக் கடந்து போனார்கள். நேக் சந்த் மட்டும் நின்று பார்த்தார்.

சைக்கிளில் வந்த கற்கள்

1950களின் கடைசியில் அவருடைய சேகரிப்பு தொடங்கியது. வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சிவாலிக் மலையடிவாரத்திலும் ஓடைக் கரைகளிலும் கிடக்கும் விதவிதமான கற்களைப் பொறுக்குவார். தண்ணீர் அரித்து அரித்து, ஒரு கல் பறவை போல இருக்கும். இன்னொன்று உட்கார்ந்திருக்கும் மனிதனைப் போல இருக்கும். அவற்றையெல்லாம் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவார். உடைந்த குழாய், மின்சாரப் பீங்கான், பழைய தொட்டி என எதையும் விடமாட்டார்.

சுக்னா ஏரிக்கு அருகே புதர் மண்டிய காட்டுப் பகுதி ஒன்று இருந்தது. அங்கே ஓர் இடத்தைத் தாமே சுத்தம் செய்து, எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். முதல் சில ஆண்டுகள் சேகரிப்பிலேயே போயின. பிறகுதான் சிலைகள் செய்யத் தொடங்கினார். சைக்கிள் சட்டமும் இரும்புக் கம்பியும் எலும்புக்கூடு. மேலே பூசும் சிமென்ட் சதை. அது காய்வதற்குள் பதிக்கும் பீங்கான் துண்டுகளும் வளையல்களும்தான் தோலும் துணியும். இரவில் வெளிச்சத்துக்குப் பழைய டயர்களைக் கொளுத்திக்கொண்டு வேலை செய்தாராம்!

ஆடும் பெண்கள், தலையில் குடம் சுமப்பவர்கள், வரிசையாக நிற்கும் வீரர்கள், குரங்குகள், பறவைகள்... அம்மாவின் கதையில் வந்த ராஜ்ஜியம் மெல்ல மெல்ல எழுந்தது. சுமார் 18 ஆண்டுகள், வெளியுலகுக்குத் தெரியாமல்!

ஏன் ரகசியம்? அது அரசு பாதுகாத்து வந்த காட்டுப் பகுதி. அங்கே எதுவும் கட்டக் கூடாது. விஷயம் தெரிந்தால் வேலை போகலாம், சிலைகளும் இடிக்கப்படலாம்.

இடிப்பதா, காப்பதா?

1970களில் ஒருநாள் அதிகாரிகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காட்டுக்குள் ஏக்கர் கணக்கில் சிலைக் கூட்டம் நிற்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். சட்டப்படி பார்த்தால் எல்லாவற்றையும் இடித்துத் தள்ள வேண்டும். ஆனால், பார்க்க வந்தவர்களுக்கோ அந்த இடத்தை விட்டுப் போகவே மனம் வரவில்லை. இதைக் காப்பாற்ற வேண்டும் என்ற குரல் வலுத்தது. கடைசியில் அரசு நல்ல முடிவு எடுத்தது. 1976இல் அந்த இடம் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. அதுதான் சண்டிகரின் 'ராக் கார்டன்'!

நேக் சந்துக்கு அந்தத் தோட்டத்தைக் கவனிப்பதே அரசு வேலையாகிவிட்டது; சம்பளமும் கொடுத்து, உதவிக்கு ஆட்களையும் கொடுத்தார்கள். 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2015இல், தம் 90ஆம் வயதில் அவர் காலமானார். இன்றும் அருவிகளும், குனிந்து நுழைய வேண்டிய சிறு வாசல்களும், ஆயிரக்கணக்கான சிலைகளுமாய் அந்தத் தோட்டம் நிற்கிறது.

நமக்கு என்ன பாடம்?

"எனக்கு வரைய வராது டீச்சர்", "எங்க வீட்டில் கலர் பெட்டி இல்லை டீச்சர்" என்று பிள்ளைகள் சொல்வதை வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நேக் சந்திடமும் கலர் பெட்டி இல்லை. அவரிடம் இருந்தவை மூன்று பழக்கங்கள்: நின்று பார்ப்பது, எடுத்து வைப்பது, தினமும் கொஞ்சம் செய்வது.

மூன்றாவதுதான் கடினம். 18 ஆண்டுகள் அவருக்குக் கைதட்ட ஆள் இல்லை. போட்டி இல்லை, பரிசு இல்லை. ஆனாலும் மறுநாள் மாலை சைக்கிளை எடுத்தார். பரிசு கிடைக்கும் என்பதற்காக மட்டும் வரைகிறவர், பரிசு கிடைக்காத நாளில் நிறுத்திவிடுவார். பிடித்ததால் செய்கிறவரை யாராலும் நிறுத்த முடியாது.

இந்த வாரமே நீங்களும் தொடங்கலாம். ஓர் அட்டைப் பெட்டி போதும். புளியங்கொட்டை, தீர்ந்துபோன பேனாவின் மூடி, சட்டைப் பொத்தான், பென்சில் சீவிய சுருள், கூழாங்கல் என்று கண்ணில் படுவதைப் போட்டு வையுங்கள். (கண்ணாடி, தகரம், ஆணி வேண்டாம். அவற்றைப் பெரியவர்கள் துணையுடன்தான் தொட வேண்டும்.)

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தரையில் கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். காய்ந்த மாங்கொட்டையின் நார், ஒரு தாத்தாவின் தாடி போல இல்லையா? பென்சில் சுருள், பாவாடையின் மடிப்பு போல இல்லையா? ஒன்றும் தோன்றவில்லையா? பரவாயில்லை. திரும்பப் பெட்டியில் போடுங்கள். அடுத்த வாரம் தோன்றும்.

நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் கூட்டில் வண்டி செய்து ஓட்டிய முதல் குழந்தைக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். மற்றவர்கள் தூக்கி எறிந்ததை அது உருட்டிப் பார்த்தது. அவ்வளவுதான்!

சரி, உங்கள் பெட்டியில் முதலில் விழப்போவது எது?