சட்டக் கல்வியும் மாணவர் சட்ட இதழும்



ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியில் வாழ்பவன் நான். எங்கள் ஊரைச் சூழ்ந்து தொழிற்சாலைகள் நிற்கின்றன. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கின்றன. வேலை நியமனக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், நிலப் பத்திரம் என்று ஏதேனும் ஒரு வடிவில் சட்டம் எங்கள் வீடுகளுக்குள் நாள்தோறும் நுழைகிறது. ஆயினும், "மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்று பள்ளியில் கேட்டால், மருத்துவம் என்றும் பொறியியல் என்றும் விடை வருமேயன்றிச் சட்டம் என்று சொல்வோர் அரியர். இதற்கு மாணவரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. என் போன்ற ஆசிரியர்க்கும் அதில் பங்குண்டு.

பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற ஒரு மாணவி, மாலை வேளையில் ஒரு தாளைக் கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். வேலை செய்யுமிடத்தில் அவள் தந்தையார்க்குக் கையில் காயம் நேர்ந்திருந்தது. இழப்பீடு பெற்றுக்கொண்டதாக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தாள் அது. பொருள் அறியாமலே அவர் கையொப்பமிட்டிருந்தார். இனி எவ்வுரிமையும் கோரமாட்டேன் என்ற வரியும் அதில் இருந்தது. நான் படித்துப் பொருள் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஐயா, இதையெல்லாம் தெரிந்துகொள்ள நான் சட்டம் படிக்கலாமா?" என்று வினவினாள். "அது வசதியுள்ள குடும்பத்தார் படிப்பம்மா" என்று விடையளித்தேன். அவள் வேறு படிப்புப் படித்து வேறு பணிக்குச் சென்றாள். நன்றாகவே வாழ்கிறாள். எனினும், நன்கு அறியாத ஒரு பொருளைப் பற்றி அறிந்தவன்போல் விடை கூறிய குற்றம் என்னுடையதே. இன்றைய பேச்சு, அக்குற்றத்துக்கு நான் செய்யும் கழுவாய் எனலாம்.

நான் சொன்னது தவறு என்பதற்குச் சான்று எங்கள் ஊருக்கு அருகிலேயே இருந்தது. ஓசூருக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டில், ஒரு கிராம முன்சீப்பின் மகனாகப் பிறந்தவர் இராஜாஜி. ஓசூரில் பள்ளிக் கல்வியும், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் உயர்கல்வியும் பெற்று, சென்னையில் சட்டம் பயின்று, சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1948இல் இந்தியாவின் தலைமை ஆளுநரானார். அக்காலத்தில் இப்பகுதி மாணவன் சட்டம் பயிலச் சென்னைவரை செல்ல வேண்டியிருந்தது. இன்றோ தருமபுரியிலும் சேலத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன.

சட்டக் கல்விக்கு இருவகை வழிகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம்; ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர் மூன்றாண்டுப் படிப்பில் சேரலாம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களின் அடிப்படையில் இடம் அளிக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கு, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. இச்செய்தியை அரசுப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

மற்றொரு வழி தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள். அவற்றுள் முதலாவது, எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் சென்று திரும்பத்தக்க தொலைவிலுள்ள பெங்களூருவில், பேராசிரியர் மாதவ மேனனை முதல் இயக்குநராகக் கொண்டு எழுந்தது. அங்கு 1988இல் முதல் அணி மாணவர் சேர்ந்தனர். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியிலும் இத்தகைய பல்கலைக்கழகம் உண்டு. இவற்றுட் பெரும்பாலானவற்றில் சேர்வதற்குக் 'கிளாட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழிக்கப்படும். மனப்பாடம் அங்கே பெரிதும் உதவாது. ஒரு பத்தியைக் கருத்தூன்றிப் படித்து, அதில் கூறப்பட்டது எது, கூறப்படாதது எது எனப் பிரித்தறியும் பழக்கமே உதவும். இங்கே கட்டணம் இலட்சக்கணக்கில் ஆகும். ஆகவே உதவித்தொகை பற்றி முன்கூட்டியே விசாரித்தல் நலம்.

பட்டம் பெற்றபின் மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டு, அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேற வேண்டும். பதிவுக்குப் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் பணம் பெற்று வந்தனர். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் குறித்த தொகைக்கு மேல் பெறலாகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினர்க்கு 750 ரூபாய். பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் 125 ரூபாய். ஏழை மாணவனுக்கு எதிரே இருந்த ஒரு தடை இவ்வாறு நீங்கியது.

கல்லூரிக்குள் நுழைந்தபின், நல்ல வழக்கறிஞனாக எங்ஙனம் பயில்வது? வகுப்பும் நூலகமும் மட்டும் போதா. உலகின் பல சட்டக் கல்லூரிகளில் மாணவர்களே நடத்தும் சட்ட இதழ் ஒரு சிறந்த பயிற்சிக்களமாக விளங்குகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1887இல் மாணவர் தொடங்கிய சட்ட இதழ் இன்றும் மாணவராலேயே பதிப்பிக்கப்படுகிறது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியிலும் கொல்கத்தாவின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய இதழ்கள் வெளிவருகின்றன. நம் சென்னையில் 1891 முதல் வெளிவந்த 'மெட்ராஸ் லா ஜர்னல்' வழக்கறிஞர்கள் தொடங்கியது. மாணவர் இதழ் அன்று. எனினும் தீர்ப்புகளைத் திரட்டி வெளியிடும் பணி இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதை அது காட்டும்.

மாணவர் நடத்தும் இதழ்தானே என்று எளிதாக எண்ணிவிடலாகாது. 1890 டிசம்பரில் ஹார்வர்டு இதழில் வாரன், பிராண்டைஸ் என்னும் இரு வழக்கறிஞர்கள் 'தனியுரிமை' பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். பத்திரிகைகளும் நிழற்படக் கருவியும் மனிதரின் வீட்டு வாழ்விற்குள் புகுவதைக் கண்டு எழுதியது அது. 127 ஆண்டுகள் கழித்து, 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தபோது, அக்கட்டுரையையும் எடுத்து ஆராய்ந்தனர்.

இதழாசிரியக் குழுவிலுள்ள மாணவன் செய்யும் பணி யாது? வரும் கட்டுரைகளை எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுப் படிப்பது பல இதழ்களின் வழக்கம். பெரிய மனிதர் எழுதினார் என்பதற்காக ஏற்காமலும், புதியவர் எழுதினார் என்பதற்காகத் தள்ளாமலும் இருத்தற்கே இந்த ஏற்பாடு. ஏற்ற கட்டுரையின் அடிக்குறிப்பு ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். இதுவே கடினமான பகுதி.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். 'ஏ.ஐ.ஆர். 1950 எஸ்.சி. 27' என்று ஓர் அடிக்குறிப்பு இருப்பதாகக் கொள்க. 'ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்' தொகுப்பின் 1950ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றப் பகுதியில் 27ஆம் பக்கம் என்பது அதன் பொருள். அப்பக்கத்தைத் திறந்தால், சென்னை மாநிலத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஏ. கே. கோபாலனின் வழக்கு காணப்படும். பக்கம் சரி. ஆயின் பணி முடிந்ததா? இல்லை. அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகக் கருதிய அத்தீர்ப்பின் நோக்கை, 1970இலும் 1978இலும் உச்ச நீதிமன்றமே கைவிட்டது. அதனை இன்றும் உயிருள்ள சட்டமாகக் கட்டுரையாளர் காட்டியிருப்பாரானால், பக்க எண் சரியாயிருந்தும் கட்டுரை பிழையே. மேற்கோள் இருக்கிறதா, அது அவ்வாறே சொல்கிறதா, இன்றும் செல்லுமா என்னும் மூன்று வினாக்களையும் கேட்பவனே நல்ல இதழாசிரியன்.

நீங்கள் விளையாட்டாகச் சொல்லும் 'நானூற்று இருபது' என்பதும் அத்தகையதே. ஏமாற்றுதல் பற்றிய அப்பிரிவு 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. ஏமாற்றுதல் அதில் 318ஆம் பிரிவாயிற்று. ஆனால் அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஆகவே பிரிவு எண்ணை எழுதுமுன், "குற்றம் நிகழ்ந்த நாள் எது?" என்று கேட்டாக வேண்டும்.

இப்பணி தமிழருக்கு அயலானதன்று. "எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான்" என்னும் பழமொழி, படியெடுப்பதில் நேரும் பிழையை நம் முன்னோர் உணர்ந்திருந்ததைக் காட்டும். ஏடுகளை ஒப்புநோக்கிக் கலித்தொகையை 1887இல் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை, சட்டப் பட்டம் பெற்றவர். வழக்கறிஞராகவும் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணியாற்றியவர். சான்றின்றி ஒரு சொல்லையும் ஏற்காத மனம் இரு துறைகளுக்கும் ஒன்றே.

இப்பயிற்சியைத் தொடங்கச் சட்டக் கல்லூரியில் சேரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. உங்கள் பள்ளியில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்குங்கள். இதழுக்கு ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து தொடங்கலாம். ஒருவர் எழுதட்டும், மற்றொருவர் சட்ட நூலைத் திறந்து வரிவரியாக ஒப்பிடட்டும், மூன்றாமவர், வீட்டிலுள்ள தாய் தந்தையர்க்கு விளங்குகிறதா என்று படித்துக் காட்டட்டும். விளங்காத வரியைத் திருத்தி எழுதுங்கள். எங்கள் ஊரிலோ அதே செய்தியைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதித் தரத்தக்க மாணவர் உங்கள் வகுப்பிலேயே இருப்பர்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். மாணவர் ஒரு படிப்பைப் பற்றிக் கேட்கும்போது, தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "நாளை விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அன்று நான் அவ்வாறு சொல்லியிருக்கலாம்.

மாணவர்களே, ஒரு தாள் உங்கள் வீட்டுக்கு வரும்போது, கையொப்பமிடுமுன் அதை இறுதிவரை படித்துப் பொருள் சொல்லும் ஒருவர் அவ்வீட்டில் இருக்க வேண்டும். அவ்வொருவர் நீங்களாக இருங்கள்.