கிட்டாரில் நாதஸ்வரம் கேட்குமா?

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்துக்காக மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரத்தைக் கிட்டாரில் கொண்டுவர முடியுமா? ஓரளவு முடியும்.

ஏன் முழுசாக முடியாது? நாதஸ்வரத்தின் வாய்ப்பகுதியில் உள்ள நாணல் சீவாளி ஊதும்வரை அதிர்ந்துகொண்டே இருக்கும். கிட்டார் கம்பிக்கு மீட்டிய கணத்தில் கிடைக்கும் ஆற்றல்தான். ‘டங்’ என்று எழுந்து தேய்ந்துவிடும்.

எப்படிச் சமாளிப்பது? எலெக்ட்ரிக் கிட்டாரில் வால்யூம் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து மீட்டி, சுண்டுவிரலால் மெல்லத் திருப்பினால் அந்த ‘டங்’ மறையும். ஒலியைச் சற்றே கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் நாதத்தை நீட்டும். ஒரே மீட்டில் கம்பியை இழுத்தும் விரலைச் சறுக்கியும் அடுத்த சுரத்துக்குப் போனால் குழைவு வரும். கூடவே, ஊதுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் கையும் நிற்க வேண்டும். ஓயாமல் மீட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.