உங்களுக்குத் தெரியுமா?

நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விகள், சுதந்திர இந்தியாவில் ஒரு நிதியமைச்சரின் பதவியையே காவு வாங்கியிருக்கின்றன. கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் என்றுதானே நினைப்போம்? இல்லை. ஆளும் காங்கிரஸ் எம்.பி.; போதாக்குறைக்குப் பிரதமர் நேருவின் சொந்த மருமகன், ஃபெரோஸ் காந்தி!

ஆயுள் காப்பீட்டுக் கழகமான எல்.ஐ.சி. பிறந்து ஒரு வருடம்கூட ஆகாத 1957-இல், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. மூழ்கிக்கொண்டிருந்தவரைக் கைதூக்கிவிட, பாலிசிதாரர்களின் பணம்! எங்கே முதலீடு செய்யலாம் என்று சொல்வதற்கென்றே கழகத்தில் ஒரு குழு இருந்தது. அதைக் கலந்தாலோசிக்கவே இல்லை.

அந்த டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் இதைப் புட்டுப்புட்டு வைத்தார். மாமனாரின் அரசு நெளிந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா விசாரணைக்கு அமர்த்தப்பட்டார். விசாரணை பகிரங்கமாக நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். 24 நாட்களில் வேலை முடிந்தது (இன்றைய கமிஷன்கள் கால நீட்டிப்புக் கேட்கவே அதைவிட அதிக நாளாகும்). 1958 பிப்ரவரியில், சென்னைக்காரரான நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இன்னொன்று: அரசின் செலவுக் கணக்கைத் துருவும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1921-இலேயே தோன்றிவிட்டது. எதிர்க்கட்சி உறுப்பினரைத் தலைவராக்கும் வழக்கமோ 1967-இல்தான் வந்தது. அமைச்சர்களுக்கு அதில் இடமே கிடையாது.