வானத்து விளக்குகளும் சாட்சிகளின் சொல்லும்

பறக்கும் தட்டுகளைப் பற்றிய செய்தி எழும்போதெல்லாம் இருவகை மறுமொழிகளைக் கேட்கிறோம். இத்தனைபேர் கண்டது பொய்யாகுமா என்பர் ஒரு சாரார். கண்டவர்கள் மனமயக்கங் கொண்டவர்கள் என்று தள்ளிவிடுவர் மறு சாரார். இரண்டுமே சாட்சியை விசாரியாமல் விட்டுவிடும் வழிகள். சாட்சிகளின் சொல்மீது நிற்கும் திருச்சபைக்கு இரண்டும் தகா. நம் நாட்டிலேயே நிகழ்ந்து, பின்னர் மறு ஆய்வுக்குட்பட்ட ஒரு நிகழ்ச்சியை இங்கு ஆராய்வோம்.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், லடாக்கில் பாங்காங் ஏரிக்கருகே சீன எல்லையைக் காத்து நின்ற நம் படையினர், வானில் மஞ்சள் நிற ஒளியுருண்டைகளைக் கண்டதாக அறிவித்து வந்தனர். சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து அவை எழும். மூன்று முதல் ஐந்து மணிநேரம் மெல்ல நகர்ந்து மறையும். ரேடார் கருவிக்கு அவை அகப்படவில்லை. 2013 பிப்ரவரிக்குள் இவ்வாறு 329 காட்சிகள் பதிவாயின. அவற்றுள் 155 முறை அப்பொருள்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி நம் பகுதிக்குள் வந்ததாகவும் குறிக்கப்பட்டது. சீனாவின் ஆளில்லா உளவு விமானங்கள் என்றே படையினர் ஐயுற்றனர். 2013 ஏப்ரலில் அதே லடாக்கின் டெப்சாங் சமவெளியில் இரு நாட்டுப் படைகளும் மூன்று வாரம் எதிரெதிரே கூடாரமிட்டு நின்றன என்பதை நினைவுகூர்ந்தால், அந்த ஐயம் எத்தகைய தீப்பொறி என்பது விளங்கும்.

படையினர் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் உதவியை நாடினர். (நமக்கு வடக்கே ஜவ்வாது மலையில், காவலூரில் தொலைநோக்கிகளை நிறுவியிருப்பதும் இந்நிறுவனமே.) வானியலார் நேரத்தையும் நகர்வையும் துல்லியமாகக் குறித்துத் தரும்படி கேட்டு, அக்குறிப்புகளை விண்மீன்களின் போக்கோடு ஒப்பிட்டனர். 2013 ஜூலையில் முடிவு வெளியாயிற்று. படையினர் கண்டவை வியாழனும் வெள்ளியும்!

நகைப்பது எளிது. விடியுமுன் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லும் தம்மம்பட்டி உழவருக்குக்கூட விடிவெள்ளி தெரியுமே என்று கேட்கலாம். ஆனால் அவ்வுழவர் பகைவனை எதிர்பார்த்து நிற்கவில்லை. ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில், மாசற்ற மெல்லிய காற்றினூடே கோள்கள் சமவெளியார் கண்டறியாத ஒளியோடு தோன்றும். சீனா இருப்பதோ கிழக்கே; கோள்கள் எழுவதும் கிழக்கே.

அவர்கள் சாட்சியைப் பிரித்துப் பார்ப்போம். மஞ்சள் ஒளி, கிழக்கே எழுந்தது, மெல்ல நகர்ந்தது, பல மணிநேரம் நீடித்தது. இவையனைத்தும் மெய். ஒரு கோளுக்கு முற்றும் பொருந்துபவை. பொய்த்தது ஒன்றே: எல்லையைத் தாண்டிற்று என்பது. இருளில் தோன்றும் ஒளிப்புள்ளியின் தொலைவை வெறுங்கண்ணால் அறிய இயலாது. தொலைவு தெரியாதபோது அதன் பருமனும் வேகமும்கூடத் தெரியா. எனவே அந்த 155 என்னும் எண், எவரும் காணாத ஒரு தொலைவின்மேல் கட்டப்பட்டது. பல கோடிக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வெள்ளியை அவர்கள் எல்லைக்கோட்டின் மேல் வைத்துவிட்டார்கள். கண்டதோடு கருதியதும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டது. பேசியவருக்கே அது தெரியவில்லை.

இக்கலப்பு அமெரிக்காவிலும் நேர்ந்தது. 1968 மார்ச் 3ஆம் நாள் இரவு, சோவியத் ரஷ்யாவின் ஸோண்ட்-4 விண்கலத்தை ஏவிய ராக்கெட்டின் சிதைவுகள் வரிசையாக எரிந்துகொண்டே அந்நாட்டு வானைக் கடந்தன. கண்டவர்களில் பெரும்பாலார் உள்ளபடியே சொன்னார்கள். சிலரோ சுருட்டு வடிவக் கலம் ஒன்றையும், அதன் பக்கத்தில் ஒளிவீசிய சன்னல்களையும் விவரித்தனர். விளக்குகள் மட்டுமே இருந்தன. அவற்றுக்கு நடுவிலிருந்த இருளை மனம் உடலாக்கிக் கொண்டது.

சாட்சிகளின் எண்ணிக்கை இக்குறையைத் தீர்க்குமா? உபாகமம் 19ஆம் அதிகாரம் இரண்டு மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. 15ஆம் வசனத்தை நாம் மறப்பதில்லை; நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்க வேண்டும் என்னும் 18ஆம் வசனத்தை ஏனோ அவ்வளவாய் நினைப்பதில்லை. தள்ளுபடி ஆகமங்களிலுள்ள சூசன்னாளின் கதையில் தானியேல் இரு மூப்பரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டாய் என்று கேட்கிறான். விடைகள் மாறுபட, பொய் வெளியாகிறது. சிறந்த முறைதான். ஆயினும் அது பொய்யரைப் பிடிக்கும் வலை. லடாக் காவலரைத் தனித்தனியே நிறுத்திக் கேட்டிருந்தால் அத்தனைபேரும் ஒன்றையே சொல்லியிருப்பார்கள். எல்லாரும் நேர்மையானவர்கள், எல்லாரும் ஒரே வெள்ளியைக் கண்டவர்கள். ஆகவே ‘சாட்சிகள் ஒத்திருக்கின்றனவா?’ என்பதற்கு அடுத்து, ‘இதை இவர் எவ்வாறு அறிந்திருக்கக் கூடும்?’ என்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டாகவேண்டும்.

சபை விசாரணைகளில் இக்கேள்வி கேட்கப்படாமையால் நேரும் கேடு சிறிதன்று. இரவில் இன்னார் அவ்வீட்டிலிருந்து வெளிவரக் கண்டோம் என்று இருவர் சொல்வர். இருவரும் கண்டது ஒரு முதுகும் ஒரு போர்வையும். பெயர் அவர்கள் சேர்த்தது. இருவர் சொன்னார்கள் என்பதே தீர்ப்புக்குப் போதுமானதாகிவிடுகிறது.

கேட்பவரும் சாட்சியைக் கெடுக்கக்கூடும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினர். கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று 50 பேரிடமும், ‘இடித்தபோது’ என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டனர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று வினவ, முதல் பிரிவில் 16 பேரும் மற்றதில் 7 பேரும் ஆம் என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

அமெரிக்க விமானப்படை 1969 வரை திரட்டிய 12,618 அறிக்கைகளுள் 701 விளக்கப்படாமல் நின்றன. அந்த 701ஐக் கொண்டு வேற்றுலகத்தாரை வரவழைப்போர் உண்டு. ‘அடையாளம் காணப்படாதது’ என்பது நம் அறிவின் நிலையைக் கூறும் சொல்லேயன்றி, அப்பொருளைப் பற்றி எதுவும் கூறுவதன்று.

கொல்லிமலைமேல் விளக்கொன்றைக் கண்டேன் என்று சபையார் ஒருவர் ஆயரிடம் வந்தால், தட்டு என்ற சொல்லை ஆயர் எடுத்துக்கொடுக்கலாகாது. அவரைத் தடையின்றிப் பேசவிட்டு, பின்பு அவர் நின்ற இடத்திலேயே நிறுத்தி, கையை நீட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். நீட்டிய கையின் முட்டி வானில் ஏறக்குறைய பத்துப் பாகையை மறைக்கும். மலைவிளிம்பிலிருந்து எத்தனை முட்டி உயரம், எந்த முகட்டுக்கு நேராக, எந்தத் தேதி, எத்தனை மணி என்பவற்றை எழுதிவைத்தால், நாற்பதாண்டு கழித்தும் அவ்வேளையில் வெள்ளி அவ்விடத்தில் நின்றதா என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம்.