காவிரியின் பெருமீனும் தூண்டில்காரர்களும்

பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நமக்குக் காவிரி என்றால் உடனே நினைவுக்கு வருவது தண்ணீர்தான். குழாயில் வருவதும் அது, நாளிதழில் வருவதும் அது. இத்தனை டி.எம்.சி., அத்தனை கன அடி என்று பள்ளிப் பிள்ளைகள்கூடக் கணக்குச் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீருக்குள் என்ன வாழ்கிறது என்று கேட்டால்தான் விழிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ரசல் மார்க்கெட்டில் நாம் பை நிறைய வாங்கி வரும் ரோகுவும் கட்லாவும் காவிரியின் சொந்த மீன்கள் அல்ல. வடக்கத்தி ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. நம்மைப் போல் வந்தேறிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

காவிரிக்கே உரிய ஒரு மீன் உண்டு. உலகத்தில் வேறு எந்த ஆற்றுப் படுகையிலும் அது கிடையாது. ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. தலைக்குப் பின்னால் ஒரு திமில் மேடு, உடம்பில் உள்ளங்கை அகலச் செதில்கள், வாலில் ஆரஞ்சு நிறம். மகாசீர் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்து மீன்களுக்குத் தமிழில் பூமீன் கெண்டை என்ற பெயரைப் பழைய நூல்கள் தருகின்றன. திமில் மகாசீர் என்று இதை அழைக்கலாம். இந்த மீனைப் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டுப் பிடித்தவர்கள் அதைக் காப்பாற்றினார்களா, கெடுத்தார்களா என்று கேட்டால் இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கலாம் என்றே இக்கட்டுரை. எனக்குத் தூண்டில் பழக்கம் இல்லை. ஆனால் குளித்தலையில் காவிரிக் கரையில் பிறந்து, இந்த ஊரில் காவிரித் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்கும் அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

மகாசீரைத் தூண்டிலில் பிடிக்கும் மோகத்தை எழுத்தில் பரப்பியவர் சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி. இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1873-இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் சால்மன் மீனைவிட மகாசீர் பலமாகப் போராடும் என்று அவர் சொல்லப்போக, துரைமார்கள் ஆற்றங்கரையெல்லாம் கூடாரம் போட்டார்கள். அவர்கள் பிடித்ததைத் திரும்ப விடுவதில்லை. நிறுத்துப் படம் எடுத்துக்கொண்டு, தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டுவார்கள். மைசூரில் புலிகளைப் பாடம் செய்வதில் பேர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946-இல் கபினி ஆற்றில் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. தூண்டிலில் சிக்கிய மகாசீர்களில் இதுவே பெரியது என்று இன்றும் சொல்கிறார்கள். நம் வீட்டில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் எடை!

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார்கள் போனார்கள், தோட்டா வந்தது. பாறை உடைக்கவும் அணை கட்டவும் வந்த வெடிமருந்து மீன் பிடிப்பவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆழமான மடுவில் ஒரு தோட்டாவை வீசினால் பெரியது, சிறியது, குஞ்சு, முட்டை எல்லாம் சேர்ந்து மிதக்கும். மிதப்பதை அள்ளிக்கொண்டு மூழ்குவதை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆற்றில் வெடி வைப்பதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். சட்டம் புத்தகத்தில் இருந்தது. காட்டுக்குள் யார் போய்ப் பார்ப்பது?

1970-களில் மகாசீரே ஒழிந்துவிட்டது என்று பலரும் நினைத்திருந்த வேளையில் இரண்டு காரியங்கள் நடந்தன. 1972-இல் நம் பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் தோன்றியது. அதில் பலர் தூண்டில்காரர்கள். அவர்கள் காவிரியின் ஒரு நீண்ட பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டார்கள். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று தூண்டில்காரர்கள் இங்கே பிரம்மாண்டமான மீன்களைப் பிடித்துக் காட்ட, வெளிநாட்டவர் கவனம் காவிரி மேல் திரும்பியது. பிறகு கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரி, தொட்டமாக்கலி, கலிபோரே ஆகிய இடங்களில் முகாம்கள் அமைத்தது. கனகபுரா, மளவள்ளிப் பக்கம் போனவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமாக இருக்கும்.

அந்த முகாம்களின் ஏற்பாடு எனக்குப் பிடித்த விஷயம். பிடித்த மீனைக் கொல்லக்கூடாது, ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. தூண்டிலில் கோப்பது ராகி மாவு உருண்டை. நம் ஊர்க் களிதான், கொஞ்சம் கெட்டியாக. பரிசலில் நடு ஆற்றுக்குப் போய், பாறைகளுக்கு நடுவே அந்த உருண்டையை இறக்குவார்கள். மீன் கவ்வியதும் நூல் நூறு கஜம் ஓடும். பெரிய மீனோடு ஒரு மணி நேரம்கூட மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கரைக்கு வந்ததும் தண்ணீரிலேயே வைத்துத் தூண்டிலை எடுத்து, தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொள்வார்கள். களைத்த மீனுக்குச் செவுளில் தண்ணீர் பாய வேண்டும். தெம்பு வந்ததும் அதுவே வாலை அடித்துக்கொண்டு போய்விடும்.

இதில் பரிசல் ஓட்டியவர்களும் வழிகாட்டிகளும் அக்கம்பக்கத்துக் கிராமத்து ஆட்கள். அவர்களில் பலர் முன்பு தோட்டா போட்டவர்கள். எந்த மடுவில் எவ்வளவு பெரிய மீன் கிடக்கிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? மாதச் சம்பளமும் வெளிநாட்டவர் தரும் அன்பளிப்பும் கிடைத்ததும் அதே ஆட்கள் காவலாளிகள் ஆனார்கள். செத்த மீன் ஒரு தடவை விலை போகும், உயிருள்ள மீன் ஒவ்வொரு பருவத்திலும் கூலி தரும் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. குறை இல்லாமல் இல்லை. மறுநாள் காலை வெளிச்சத்தில் படம் எடுப்பதற்காக மீனின் வாயில் கயிறு கோத்து இரவெல்லாம் தண்ணீரில் கட்டி வைத்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் படம் எடுத்தார்கள். தண்ணீர் தாங்கும் உடம்பு அது, காற்றில் தன் எடையைத் தானே தாங்காது. இருந்தாலும் தோட்டாவோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்பேன்.

அந்த முகாம்களில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன மீன், என்ன எடை என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். 1998 முதல் 2012 வரையிலான குறிப்புகளைப் பிற்பாடு ஆங்கிலேய ஆய்வாளர் ஏட்ரியன் பிண்டரும் கேரளத்து ராஜீவ் ராகவனும் அவர்களைச் சேர்ந்தவர்களும் ஆராய்ந்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கு அது. மகாசீரின் எண்ணிக்கை பெருகியிருந்தது. ஆனால் சராசரி எடை குறைந்துகொண்டே வந்திருந்தது. காரணம் என்ன என்று பார்த்தபோதுதான் சங்கதி வெளிப்பட்டது. பெருகியது திமில் மகாசீர் அல்ல, நீலத்துடுப்பு மகாசீர் என்ற வேறு ஒரு இனம். காவிரிக்குரிய மீனோ அரிதாகிவிட்டிருந்தது.

நீலத்துடுப்பு எப்படி வந்தது? மகாராட்டிரத்தில் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தார் 1970-களிலிருந்து மீன் பொரிப்பகம் ஒன்றை நடத்தி வந்தார்கள். அங்குள்ள மகாசீரைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யும் வழியைக் கண்டுபிடித்து லட்சக்கணக்கில் குஞ்சு பொரித்தார்கள். மகாசீர் அழிகிறது, குஞ்சு வேண்டும் என்று கேட்ட பல மாநிலங்களுக்கும் கொடுத்தார்கள். காவிரியிலும் விடப்பட்டது. எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். எல்லா மகாசீரும் ஒன்றே என்று அன்றைக்கு நினைத்தார்கள். பொன்னி நாற்று பட்டுப்போன வயலில் வேறு ரக நாற்றை நட்டுவிட்டுப் பயிர் தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்ட மாதிரி ஆயிற்று. வந்த மீன் வேகமாகப் பெருகி, சொந்த மீனின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. தூண்டில்காரர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. தூண்டிலில் மீன் விழுந்துகொண்டுதானே இருந்தது!

இதற்கிடையில் சட்டம் வேறு பக்கமாக வந்தது. இந்த ஆற்றுப் பகுதி 1987-இல் காவிரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2003-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 'விலங்கு' என்ற சொல்லின் வரையறைக்குள் மீனையும் சேர்த்தது. அதே சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் வேட்டைதான். சரணாலயத்தில் வேட்டை கூடாது. ஆகவே பிடித்து விடுவதும் கூடாது என்ற முடிவுக்கு வந்தார்கள். 2012-க்குப் பிறகு அங்கே தூண்டில் இல்லை. முகாம்கள் இயற்கை முகாம்களாக இன்றும் நடக்கின்றன. பரிசலில் போகலாம், பறவை பார்க்கலாம்.

சட்டத்தின் தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. மீனை வதைத்துத்தான் மீனைக் காக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஆற்றில் இரவும் பகலும் பரிசலில் சுற்றிய ஆட்களை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் யாரையும் உட்கார வைக்கவில்லை. தூண்டில் போனால் காவலும் போகும், தோட்டா திரும்பும் என்று 2013-லேயே ஆய்வாளர்கள் எச்சரித்து எழுதினார்கள். என்னைக் கேட்டால், தூண்டிலைத் தடை செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்தக் காவலாளிகளுக்கு வனத்துறையிலேயே வேலை கொடுத்துவிட்டுத் தடை செய்திருக்கலாம்.

இதைவிட வேடிக்கை, நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகமே அறிந்த இந்த மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் 2018 வரை உறுதியாகவில்லை. பெயர் இல்லாத உயிரை ஆபத்துப் பட்டியலில் சேர்க்க முடியாது. ரேஷன் கார்டு இல்லாதவன் நிலைதான்! ஆய்வாளர்கள் திமில் மகாசீரைத் தேடிக் கடைசியில் கண்டது நம் தமிழ்நாட்டு எல்லையில், நீலகிரிக்கு வடக்கே முதுமலைக் காட்டை ஒட்டி ஓடி பவானியில் சேரும் மோயாற்றில். அந்தக் குழுவில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மணிமேகலனும் இருந்தார். மோயாற்று மீனை ஒப்பிட்டபோது, கேரளத்துச் சின்னாறு சரணாலயத்தில் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களுக்கு முன்பே இடப்பட்டிருந்த 'டார் ரமாதேவி' என்ற பெயரே இதற்கும் உரியது என்று தெரிந்தது. பாம்பாறு அமராவதியில் சேர்கிறது, அமராவதி காவிரியில். ஆக எல்லாம் ஒரே தண்ணீர்தான். அதே 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் திமில் மகாசீர் 'மிக அபாய நிலை' என்ற பிரிவில் ஏறியது. அதற்கு மேல் காட்டில் அற்றுப்போன நிலைதான் மீதி. நீலத்துடுப்புக்கோ கவலை இல்லை என்று தீர்ப்பாயிற்று.

இப்போது என்ன நடக்கிறது என்று கேட்கலாம். காவிரியின் தமிழ்நாட்டுக் கரையில், கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில், 2022 நவம்பரில் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 686 சதுர கிலோமீட்டர். ஆற்றின் இரு கரையும் சரணாலயமானது நல்ல செய்தி. 2024-இன் இறுதியில் தமிழ்நாடு அரசு அழியும் நிலையிலுள்ள நான்கு உயிரினங்களுக்கென ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியபோது சிங்கவால் குரங்கு, முள்ளெலி, வரிக் கழுதைப்புலி ஆகியவற்றோடு இந்த மீனையும் சேர்த்துக்கொண்டது. மீனுக்குப் பணம் ஒதுக்குவது என்றால் இதுவரை வளர்த்துச் சாப்பிடுவதற்குத்தான்.

மேகதாது அணைத் திட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. இரு மாநில வழக்குக்குள் நான் நுழையப் போவதில்லை. இங்கே இருந்துகொண்டு அதைப் பேசுவதன் சங்கடம் நம் எல்லோருக்கும் தெரியும். மீனின் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன். மகாசீர் தேங்கிய நீரில் முட்டையிடாது. மழைக்காலத்தில் புது வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறி, ஓடும் தெளிந்த நீரில் கூழாங்கல் படுகையில் இடும். அணை வந்தால் அந்த ஓட்டம் நிற்கும். திட்டப்படி மூழ்கும் சுமார் 5,000 ஹெக்டேரில் மிகப் பெரும்பகுதி காடு. கிருஷ்ணராஜ சாகரும் மேட்டூரும் கட்டியபோது மீனை யாரும் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியிருக்கும் ஓட்டம் இதுதான்.

தூண்டில் ஆசை உள்ள நம் இளைஞர்களுக்கு ஒரு தகவல். சரணாலயத்துக்கு வெளியே, குடகில் குடகு வனவிலங்குச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகையில் காத்து வருகிறது. அங்கே அனுமதிச் சீட்டு வாங்கி, பிடித்து விடும் முறையில் தூண்டில் போட இடம் கொடுத்து வந்திருக்கிறார்கள். போவதற்கு முன் அவர்களிடம் விசாரித்துக்கொள்வது நல்லது. முள் இல்லாத தூண்டிலாக எடுத்துப் போங்கள். மற்றொன்று, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்து அலுத்துப்போனவர்கள் புண்ணியம் என்று நினைத்து அதைக் கொண்டுபோய் ஆற்றில் விடாதீர்கள். நீலத்துடுப்பு செய்ததையே அதுவும் செய்யும்.

மகாசீரைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்கள் தூண்டிலே இல்லாமல் பார்க்கலாம். சிருங்கேரியில் துங்கையின் படித்துறையில் பொரி தூவினால் கூட்டம் கூட்டமாக வரும். அங்கே பிடிக்க யாருக்கும் துணிவு கிடையாது. காவிரியிலேயே பார்க்க வேண்டும் என்றால் ஹாசன் மாவட்டத்து ராமநாதபுரம், கோயில் துறை. தென் கன்னடத்துச் சிசிலாவிலும் இப்படி ஒரு துறை உண்டு. 1996-இல் யாரோ விஷம் கலந்து அங்கே ஆயிரக்கணக்கில் மீன் செத்தது. ஊரார் செத்த மீன்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். பொரியைப் பிளாஸ்டிக் பையோடு வீசாமல் கையில் எடுத்துத் தூவினால் போதும், மீன் படியருகே வந்து வாங்கிக்கொள்ளும்.