பிள்ளையின் சம்மதம் சட்டத்திற் செல்லுமா?

சிறுவனொருவன் தானாகவே காரில் ஏறிச் சென்றால், அதனை ஆட்கடத்தல் எனல் பொருந்துமா? கையைப் பிடித்து இழுத்தாரில்லை; வாயைப் பொத்தினாரில்லை. ஐயம் எழுதல் இயல்பே.

1960ஆம் ஆண்டு யூலை 7ஆந் திகதி, சிட்னி நகரின் பொண்டாய்ப் பகுதியில், பாடசாலைக்குப் புறப்பட்ட கிறேம் தோர்ண் என்னும் எட்டு வயதுச் சிறுவன் மறைந்தான். அவன் தந்தைக்கு அதிர்ஷ்டலாபச் சீட்டில் ஓர் இலட்சம் பவுண் கிடைத்து ஐந்து வாரமே ஆகியிருந்தது. பரிசு பெற்றவர் விபரத்தைப் பத்திரிகைகள் வெளியிடுவது அக்கால வழக்கம். அன்று காலையே 25,000 பவுண் கப்பங்கேட்டுத் தொலைபேசி மணி ஒலித்தது. ஓகஸ்டு 16ஆந் திகதி கிடைத்தது சிறுவனின் சடலமே.

சடலத்தைச் சுற்றியிருந்த கம்பளத்தில் சைப்பிரசு மரத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. இளஞ்சிவப்பு நிறச் சாந்துத் துகள்களும் காணப்பட்டன. இவையிரண்டும் ஒருங்கே உள்ள வீட்டைப் பொலிசார் தேடிக் கண்டனர். ஆயின், அங்கு வசித்த ஸ்டீபன் பிராட்லி 'ஹிமாலயா' என்னும் கப்பலில் ஏறிவிட்டிருந்தான். அக்கப்பல் ஒக்டோபர் 10ஆந் திகதி நம் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தபோது அவன் பிடிபட்டான். இங்கு ஐந்து வாரங்களுக்கு மேலாகச் சட்ட நடவடிக்கை நடந்த பின்னரே அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டான்.

வழக்கமாக அழைத்துச் செல்லும் பெண்மணிக்குச் சுகமில்லை எனச் சொன்னதும் சிறுவன் காரில் ஏறினான் என்பது பிராட்லியின் வாக்குமூலம். நாம் எழுப்பிய ஐயம் ஈண்டே வருகின்றது.

1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை இதற்குத் தெளிவான விடை வகுத்தது. 14 வயதுக்குக் குறைந்த ஆண்பிள்ளையையோ 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையையோ, பாதுகாவலரின் சம்மதமின்றிக் கொண்டு செல்லுதல் குற்றம். ஆசைகாட்டி அழைத்துச் செல்லுதலும் குற்றமே. பலாத்காரம் வேண்டியதில்லை. பிள்ளை விரும்பி வந்தது என்பதும் எதிர்வாதமாகாது. கேட்கப்படுவது பெற்றாரின் சம்மதமே. தண்டனை ஏழாண்டு வரையிலான சிறையும் அபராதமும். கொலை செய்யும் நோக்கத்தோடு கடத்தினால் இருபதாண்டு வரை கடூழியச் சிறை.

பிராட்லிக்கு 1961 மார்ச்சில் கொலைக் குற்றத்துக்காக ஆயுட்காலச் சிறை கிடைத்தது. 1968இல் சிறையிலேயே இறந்தான். அவ்வாண்டே, 1961இலேயே, நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கப்பத்துக்காக ஆட்களைக் கடத்துவோருக்கு 20 ஆண்டுச் சிறை விதிக்கும் புதிய பிரிவைச் சட்டத்திற் சேர்த்தது. பிடிபட்டவரைப் பெருங்காயமின்றி விடுவித்தால் 14 ஆண்டு. கயவனுக்குச் சலுகையா எனச் சிலர் சினத்தல் கூடும். நமக்கு அது விவேகமாகவே படுகின்றது: அந்த ஆறாண்டு, அறையொன்றிற் பூட்டப்பட்டிருக்கும் பிள்ளையின் உயிருக்காக ஒதுக்கப்பட்டது.